உமிச் சாம்பல் கலந்தால் கம்பி துருப்பிடிக்காதா?

நெல் உமி, கரும்புச் சக்கை மாதிரியான விவசாயக் கழிவை எரித்த சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்த்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்காது என்கிறார்களே, அது உண்மையா, எவ்வளவு சேர்க்கலாம், ஏற்கெனவே துரு ஏறிய கட்டடத்துக்கும் இது உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அந்தச் சாம்பல் எந்த அடுப்பில் எப்படி எரிந்தது என்று தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது. கடைசிக் கேள்விக்கு மட்டும் தயங்காமல் இல்லை என்பேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்டுக்குள் கம்பி ஏன் துருப்பிடிக்காமல் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது பக்கவிளைவாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சாதாரணச் சுண்ணாம்பு, நிறைய உண்டாகிறது. இறுகிய சிமெண்ட் பசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான். இதோடு சோடியம், பொட்டாசியம் காரங்களும் கரைந்து நிற்பதால் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பிஎச் 12.5-லிருந்து 13.5 வரை போகும். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம் ஒன்று படர்ந்துவிடும். அது இருக்கும்வரை கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

அதைக் கெடுக்க இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் குளோரைடு, அதாவது உப்பு. கடல் காற்று, கடல் நீர், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, உவர் மணல், உவர் தண்ணீர் என்று எந்த வழியாகவும் வருவார். பிஎச் குறையாவிட்டால்கூடப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடுவார். இன்னொருவர் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அது சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகி, கான்கிரீட்டின் பிஎச்சை வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல 9-க்கும் கீழே இறக்கிவிடும். இதைத்தான் கார்பனேஷன் என்கிறோம். படலம் போன பிறகு தண்ணீரும் ஆக்சிஜனும் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். துருவின் கன அளவு, அது உண்டாக்கத் தின்ற இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இருக்கும். அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்து பிளந்து, கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் அடுக்கு, பெயர்ந்து விழுகிறது. இந்த இரண்டு பேரையும் சாம்பல் ஒரே மாதிரி நடத்துவதில்லை. மற்றதைவிட இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, சாம்பல் என்ன செய்கிறது? நெற்பயிர் மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை வேர் வழியாக உறிஞ்சி, உமியின் வெளித்தோலில் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கிறது. உமியின் சொரசொரப்புக்குக் காரணமே அதுதான். நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 350 கிலோ சிமெண்ட் போட்டு அதில் பத்து சதவீதத்தைச் சாம்பலாக மாற்றினால் 35 கிலோ வேண்டும். ஆக, ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் நெல்லின் உமி போகும்.

இந்தச் சிலிக்கா படிக அமைப்பு இல்லாமல், கண்ணாடி மாதிரி ஒழுங்கற்ற அமைப்பில் இருந்தால் மேலே சொன்ன சுண்ணாம்போடு வினைபுரிந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டாக மாறும். சிமெண்டுக்கு ஒட்டும் பலத்தைக் கொடுப்பதும் இதே பொருள்தான். நேப்பிள்ஸ் பக்கம் பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலை ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்தார்களே, அதே வினை. சுண்ணாம்போடு இப்படி வினைபுரியும் பொருளுக்குப் பொசலான் என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்தது. (ரோமானியக் கட்டடங்கள் இரண்டாயிரம் வருஷம் நிற்கின்றன, நம்முடையது ஐம்பதில் உதிர்கிறது என்று புலம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ரோமானியக் கான்கிரீட்டுக்குள் கம்பியே கிடையாது. துருப்பிடிக்க ஒன்றும் இல்லாதபோது எது உதிரும்?)

புதிதாக உண்டாகும் இந்தப் பொருள் பெரிய துளைகளை நிரப்பி, ஒன்றோடொன்று இணைந்திருந்த நுண்துளை வழிகளை அங்கங்கே அறுத்துவிடுகிறது. ஜல்லியைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் பலவீனமான, சுண்ணாம்பு அதிகமாகப் படிந்த ஒரு மெல்லிய வளையம் இருக்கும், அதுவும் இறுகிப்போகும். உப்புக்கு உள்ளே வர நேர்வழி இருக்காது, சுற்றிச் சுற்றித்தான் வரவேண்டும். கான்கிரீட்டின் மின்தடையும் ஏறும். துரு என்பது மின்வேதி வினை, ஒரு குட்டி பேட்டரி மாதிரி. கம்பியின் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நடுவில் அயனிகள் ஓடினால்தான் அது நடக்கும். மின்தடை 5 கிலோ ஓம் சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் துரு வேகமாகப் போகும், 20-ஐத் தாண்டினால் தொடங்கின துருகூட மந்தமாகத்தான் நகரும் என்பது களத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆக நல்ல சாம்பல் இரண்டு விதமாக உதவுகிறது: துரு தொடங்கும் நாளைத் தள்ளிப்போடுகிறது, தொடங்கிய பிறகு அதன் வேகத்தையும் குறைக்கிறது. கம்பியின் மேல் உட்கார்ந்து அதைக் காப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வேலை செய்வது முழுக்கக் கவரில்தான்.

இப்போது அடுப்புக்கு வருவோம். 1970-களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பி.கே. மேத்தா இந்த உமிச் சாம்பலை விரிவாக ஆராய்ந்தார். அப்போதே தெளிவான விஷயம், உமியை எரிப்பது ஒரு கலை என்பது. சுமார் 500 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள், காற்றோட்டம் நன்றாக இருக்கும்படி எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்பிலேயே நிற்கும். சூடு 800-ஐத் தாண்டி நீண்ட நேரம் நீடித்தால் கிறிஸ்டோபலைட், டிரிடிமைட் என்று படிகமாக இறுகிவிடும். அதற்கப்புறம் அதைச் சுண்ணாம்போடு எவ்வளவு நாள் ஊறவைத்தாலும் மணலைப்போல் சும்மா கிடக்கும். சூடு குறைவாகவோ காற்று போதாமலோ எரிந்தால் எரியாத கார்பன் மிஞ்சி சாம்பல் கறுப்பாக இருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உமியில் இருக்கும் பொட்டாசியம் சிலிக்காவின் உருகுநிலையைக் குறைக்கிறது, திடீரென்று சூடேற்றினால் மேற்பரப்பு உருகி உள்ளே இருக்கும் கார்பனை அடைத்துக்கொள்கிறது, அப்புறம் எவ்வளவு எரித்தாலும் அந்தக் கறுப்பு போகாது. உமியை முதலில் தண்ணீரிலோ நீர்த்த அமிலத்திலோ அலசிவிட்டு எரிப்பவர்கள் வெள்ளை வெளேரென்ற சாம்பல் எடுப்பது இதனால்தான். அதனால் வெயிலில் குவித்து எரித்த சாம்பல், பாய்லரின் அடியில் கிடக்கும் சாம்பல், கட்டுப்பாட்டோடு எரித்த சாம்பல், மூன்றுக்கும் பெயர் உமிச் சாம்பல்தான் என்றாலும் மூன்றும் வேறு வேறு பொருள். "உமிச் சாம்பல் 15 சதவீதம் போட்டார்கள், நன்றாக வந்தது" என்று யாராவது சொன்னால் எந்த உமிச் சாம்பல் என்று கேளுங்கள்.

இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 உமிச் சாம்பலை அனுமதிக்கிறது, ஆனால் கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்திருக்கிறது: ஒவ்வொரு இடத்திலிருந்து வரும் சாம்பலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், மோசமான சாம்பல் வண்டலைக் கலந்ததுபோல் கெடுதலாகவே முடியலாம் என்கிறது. விதிநூல் இவ்வளவு பச்சையாகப் பேசுவது அபூர்வம். அதை எழுதியவர்கள் கறுப்புச் சாம்பலோடு மல்லுக்கட்டியிருப்பார்கள் போல.

எரித்தது சரியாக இருந்தாலும் அரைக்காமல் போடக் கூடாது. உமிச் சாம்பலின் ஒவ்வொரு துகளும் தேன்கூடு மாதிரி உள்ளே ஓட்டையாக இருக்கும். ஒரு கிராம் சிமெண்டின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டர் பக்கம் என்றால், நன்றாக எரிந்த உமிச் சாம்பலுக்கு அது பல பத்து சதுர மீட்டர். வினைக்கு அது நல்லது, ஆனால் தண்ணீரையும் அதே அளவுக்குக் குடிக்கும். இரும்புக் குண்டுகள் உருளும் பந்து ஆலையில் 10 மைக்ரான் பக்கம் அரைத்தால் கூடு உடைந்து, தண்ணீர்த் தேவை கொஞ்சம் இறங்கும். அப்போதும் தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் இல்லாமல் நடக்காது. தளத்தில் கலவை கெட்டியாக இருக்கிறதென்று இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சாம்பல் அடைத்த துளைகளை நீங்களே திறந்துவிட்ட மாதிரி. நான் பார்த்த தோல்விகளில் பாதி இதுதான். மீதியில் பெரும்பகுதி கார்பன் அதிகமான சாம்பல். சூப்பர் பிளாஸ்டிசைசரை ஊற்ற ஊற்ற அந்தக் கார்பன் உறிஞ்சிக்கொண்டே போகும், கலவை இளகவே இளகாது.

மற்ற சாம்பல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கரும்புச் சக்கைச் சாம்பலில் சிலிக்கா பெரும்பாலும் 60-லிருந்து 75 சதவீதம், ஆனால் அதில் ஒரு பகுதி வயல் மண்ணோடு வந்த குவார்ட்ஸ் மணல், அது வினைபுரியாது. எரியாத நாரும் கலந்திருக்கும். ஐஐடி மெட்ராஸில் செய்த ஆய்வுகளில் 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நார்க் கரியை நீக்கி, பிறகு சிமெண்ட் அளவுக்கு அரைத்தாலே அது நல்ல பொசலானாக நடந்துகொண்டது. எளிமையான வழி, எனக்குப் பிடித்த வழியும்கூட. எண்ணெய்ப் பனைக் கழிவுச் சாம்பலை மலேசியாவிலும் தாய்லாந்திலும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், அதையும் நன்றாக அரைத்தால்தான் பலன். தேங்காய்ச் சிரட்டை, மக்காச்சோளக் கட்டை இவற்றின் சாம்பலில் உமியைவிடச் சிலிக்கா குறைவு, பொட்டாசியம் அதிகம். துருவைத் தடுக்க இவற்றை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வைக்கோல் சாம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. பயிர்கள் பொட்டாசியத்தோடு குளோரைடையும் உறிஞ்சுகின்றன, தண்டிலும் இலையிலும் அது அதிகம். வைக்கோலை எரிக்கும் டென்மார்க் மின்நிலையங்களில், அறுவடைக்குப் பின் வயலிலேயே மழையில் நனைந்து வெளுத்த வைக்கோலை விரும்புவார்கள், ஏனென்றால் மழை அந்த உப்பைக் கழுவிவிடுவதால் பாய்லர் குழாய்கள் குறைவாக அரிக்கும். அதே உப்பு சாம்பலில் தங்கினால்? துருவைத் தடுக்கிறேன் பேர்வழி என்று நீங்களே குளோரைடைக் கலவைக்குள் கொட்டுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாம்பலில் ஒரு சதவீதம் குளோரைடு இருந்து, அதை 15 சதவீதம் சேர்த்தால், மொத்தப் பைண்டரில், அதாவது சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த எடையில், 0.15 சதவீதம் ஏறிவிட்டது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு ஐரோப்பாவில் பொதுவாக வைக்கும் உச்ச வரம்பே 0.4 சதவீதம்தான். கடல் காற்று இன்னும் வரவேயில்லை, அதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தீர்ந்துவிட்டது. பொட்டாசியம் குளோரைடு அதிகச் சூட்டில் ஆவியாகி, புகையோடு போய், குளிர்ந்த இடத்தில் பறக்கும் சாம்பலில் படியும். அதனால் பாய்லரின் அடியில் எடுத்த சாம்பலைவிட வடிகட்டியில் பிடித்த சாம்பலில் குளோரைடு கூடுதலாக இருக்கும். எந்தத் தொட்டியிலிருந்து எடுத்தது என்று கேட்பதும், குளோரைடு சோதனை ஒன்று செய்வதும் கட்டாயம். உமியில் இந்தத் தொல்லை குறைவு. அதனாலும்தான் எல்லாரும் உமியையே பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, ஆரம்பத்தில் சொன்ன இரண்டு எதிரிகளுக்கு வருகிறேன். உப்புக்கு எதிராக நல்ல உமிச் சாம்பல் பிரமாதமாக வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. கார்பனேஷனில் கதை வேறு. சாம்பல் தின்பது சுண்ணாம்பை. கார்பன் டை ஆக்சைடை வாசலிலேயே மடக்கி நிறுத்தும் காவல்காரனும் அதே சுண்ணாம்புதான். துளைகள் சிறுத்ததால் வாயு மெதுவாக நுழையும் என்பது லாபம், அதைச் செலவழிக்கச் சுண்ணாம்பு குறைவாக இருக்கிறது என்பது நஷ்டம். பத்து சதவீதம், குறைந்த தண்ணீர், ஒழுங்கான கியூரிங் (போட்ட கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைப்பது) என்றால் லாபநஷ்டம் ஏறக்குறைய சரியாகிவிடும். 25, 30 சதவீதம் என்று போய், கியூரிங்கையும் மூன்று நாளில் முடித்துவிட்டால் கார்பனேஷன் வேகமாக உள்ளே போகும். கார்பனேஷன் மிக வேகமாக நடப்பது 50 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில், அதாவது மழை படாத, ஆனால் காற்று படும் இடங்களில். எனவே கடலலை அடிக்கும் தூணுக்குச் சாம்பலைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மழை படாத கூரைக்கடியில், மெல்லிய கவரோடு நிற்கும் தூண், உத்தரத்துக்கு அளவைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இன்னொரு நுணுக்கம். ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்), மெட்டாகயோலின் (சுட்ட வெள்ளைக் களிமண்) ஆகியவற்றில் அலுமினா இருப்பதால் அவை குளோரைடை ஃப்ரீடல் உப்பு என்ற சேர்மமாகக் கட்டிப்போடும். உமிச் சாம்பலில் அலுமினா ஏறக்குறைய இல்லை, அதனால் அது வழியை அடைக்கும், வந்தவனைக் கட்டிப்போடாது. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்த கலவைகள் நன்றாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது ஒரு ஜாக்கிரதை. பெரும்பாலும் ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி1202 சோதனையின் கூலும் கணக்கைக் காட்டுவார்கள்: 50 மி.மீ. தடிமன் வில்லைக்கு 60 வோல்ட் கொடுத்து ஆறு மணி நேரத்தில் எவ்வளவு மின்னூட்டம் கடந்தது என்று பார்ப்பது. 4000-க்கு மேல் என்றால் மோசம், 1000-க்குக் கீழே என்றால் மிக நல்லது. ஆனால் அது அளப்பது மின்சாரத்தை, குளோரைடை அல்ல. சாம்பல் துளை நீரில் இருக்கும் காரங்களையும் குறைப்பதால் கூலும் எண் நிஜத்தைவிட அழகாகத் தெரியும். உப்பு நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, அடுக்கடுக்காகச் சுரண்டிக் குளோரைடு அளந்த ஆய்வு கிடைத்தால் அதை நம்புங்கள்.

எவ்வளவு சேர்க்கலாம்? தரமான சாம்பல் கையில் இருந்தால் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டின் எடையில் 10 சதவீதம், நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகு 15. அதற்கு மேல் போக நான் துணிய மாட்டேன். முதலில் சிமெண்ட் மூட்டையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். பொசலானா சிமெண்ட் என்றால் ஃப்ளை ஆஷ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இந்தியத் தரத்தில் 15 முதல் 35 சதவீதம் வரை. அதன் மேல் நீங்களும் சாம்பல் போட்டால் இரண்டு பேரும் ஒரே சுண்ணாம்புக்கு அடித்துக்கொள்வார்கள், கடைசியில் மிஞ்சும் சாம்பல் வெறும் தூசி. அளப்பது எடையில் மட்டும், சட்டியிலும் வாளியிலும் வேண்டவே வேண்டாம். சாம்பலின் ஒப்படர்த்தி 2.1 பக்கம், சிமெண்டுக்கு 3.15, கொட்டிவைத்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். சாம்பலை மறுபடி சூடாக்கி எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் எரியிழப்பு சோதனையில் கார்பன் அளவு தெரிந்துவிடும். இயற்கைப் பொசலானுக்கு ஏ.எஸ்.டி.எம். சி618 பத்து சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது, நான் ஆறுக்கு மேல் ஏற்பதில்லை. படிகமா இல்லையா என்பதற்கு எக்ஸ்ரே சோதனை. அது கிடைக்காவிட்டால், சாம்பல் போட்ட கனசதுரமும் போடாததும் 28, 56 நாளில் எவ்வளவு தாங்குகின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சாம்பல் செத்ததென்றால் அதிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கான்கிரீட் போட்ட அன்றும் கண் வைக்க வேண்டும். சாம்பல் கலந்த கலவையில் மேலே நீர் கசிந்து நிற்பது குறைவு, அதனால் வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பு கம்பிவரை போய்விட்டால், இவ்வளவு பாடுபட்டு அடைத்த துளைகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடனே மூடுங்கள், 14 நாளாவது ஈரம் காயவிடாதீர்கள். பொசலான் வினை சிமெண்டைவிட மெதுவானது, தண்ணீர் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

கவரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உப்பு ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துப் போகிறது. சாம்பல் போட்டு ஊடுருவும் தன்மையைப் பாதியாக்கினால் கம்பியைத் தொட ஆகும் காலம் இரண்டு மடங்காகும். கவரை 20 மி.மீ.-லிருந்து 40 ஆக்கினால் அதே காலம் நான்கு மடங்காகும். கவர் குறையாமல் கம்பியைத் தாங்கி நிறுத்தும் கவர் பிளாக்கை ஒழுங்காக வைக்காத தளத்தில் சாம்பலைப் பற்றிப் பேச எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கடைசியாக, துரு ஏறிய பழைய கட்டடம். அங்கே சாம்பல் கரைசல் பூசுவதால் எதுவும் நடக்காது. உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இறுகிய கான்கிரீட்டுக்குள் சாம்பல் நுழையாது. பெயர்ந்த இடத்தைக் கொத்திவிட்டுச் சாம்பல் கலந்த நல்ல கான்கிரீட்டால் ஒட்டுப்போடலாமே என்றால், ஒட்டுப்போட்ட இடம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதன் விளிம்பைச் சுற்றி உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி புதிதாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். முன்பு அந்த மோசமான இடம்தான் துருப்பிடித்துக்கொண்டே பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிவந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதனால் கொத்துவதற்கு முன், கம்பியின் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து அளக்கும் அரைமின்கல அளவீடு ஒன்று எடுத்து, செம்பு சல்பேட் மின்முனைக்கு எதிராக மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே இருக்கும் இடங்களையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். உப்பேறிய கான்கிரீட்டை அந்தக் கோட்டைத் தாண்டி, கம்பிக்குப் பின்னாலும் எடுத்தாக வேண்டும். கம்பியில் சாம்பல் குழம்பைப் பூசிவிட்டுக் கான்கிரீட் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சாம்பல் மட்டும் என்றால் கம்பிக்கு வேண்டிய காரத்தை அதனால் கொடுக்க முடியாது, கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பும் போய்விடும். அப்புறம், சாம்பல் மூட்டையைப் பிரிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அதிகச் சூட்டில் எரிந்த சாம்பலில் இருக்கும் படிகச் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.